தமிழின் முதல் அச்சுப் புத்தகம் தந்த அண்ட்ரிக் அடிகளார்: ரோமில் இருக்கும் கடிதங்கள் சொல்வது என்ன?

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு ஒருமுறையாவது படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி மனப்பாடம். தமிழில் முதலில் அச்சான புத்தகம் எது? தம்பிரான் வணக்கம். ஆண்டு? 1578. ஊர்? கொல்லம். அச்சுக்குக் கொடுத்தவர்? அண்ட்ரிக் அடிகளார். ஒரு மார்க் கையில். அதோடு அவரை மூடி வைத்துவிட்டு எல்லோரும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் ஒரு மார்க்கில் முடிகிற ஆள் இல்லை இவர். போர்ச்சுகலில் பிறந்தவர். உடம்பில் யூத ரத்தம் ஓடுகிறது என்பதற்காக ஒரு துறவற சபையிலிருந்து வெளியேற வேண்டி வந்தவர். இன்னொரு சபையில் சேர்ந்து, கப்பலேறி, 26 வயதில் இந்தியா வந்தார். எண்பதை நெருங்கிய வயதில் புன்னைக்காயலில் இறந்தார். இடையில் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை.

சரி, 450 ஆண்டுகளுக்கு முன்பு தூத்துக்குடிப் பக்கம் வாழ்ந்த ஒரு பாதிரியாரைப் பற்றி இவ்வளவு விவரம் எப்படிக் கிடைத்தது? கல்வெட்டு இல்லை, ஓலைச்சுவடி இல்லை. கடிதங்கள். அவர் எழுதியவை, அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியவை. எல்லாம் ரோம் நகரில், வத்திக்கானுக்குப் பக்கத்திலேயே உள்ள இயேசு சபை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

கடிதம் எழுதுவது ஒரு வேலை

அந்தக் கடிதங்கள் ஏன் எழுதப்பட்டன என்று தெரிந்தால்தான் அண்ட்ரிக் அடிகளாரின் கதையும் புரியும்.

இயேசு சபைக்கு 1540-ல் போப் மூன்றாம் பவுல் ஒப்புதல் கொடுத்தார். தொடங்கியவர் இஞ்ஞாசியார். பத்தே ஆண்டுகளில் சபையின் ஆட்கள் இந்தியா, பிரேசில், ஜப்பான் என்று பரவிவிட்டார்கள். தலைமையோ ரோமில். மேலதிகாரி ஒரு கண்டத்தில், ஊழியர் இன்னொரு கண்டத்தில். இப்போது இதற்கு வாட்ஸ்அப் குரூப் போதும். அப்போது காகிதமும் கப்பலும் மட்டும்தான்.

அதனால் கடிதம் எழுதுவதை இஞ்ஞாசியார் கடமையாகவே ஆக்கினார். அதிலும் ஒரு தந்திரம் வைத்திருந்தார். முதன்மைக் கடிதம் என்பது நாலு பேருக்குக் காட்டத் தகுந்ததாக இருக்க வேண்டும். அரசர் படிக்கலாம், ஆயர் படிக்கலாம், கல்லூரியில் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக வாசிக்கலாம். உள்வீட்டு விவகாரம், யாரோடு யாருக்குச் சண்டை, யாருக்கு உடம்பு சரியில்லை, இதெல்லாம் தனித்தாளில் வர வேண்டும். 1542-லேயே தன் தோழர் ஒருவருக்கு இதை விளக்கி எழுதியிருக்கிறார். ஒரே தகவலுக்கு வெளிக்கணக்கு ஒன்று, உள்கணக்கு ஒன்று.

இந்தியாவிலிருந்து போகும் கடிதங்களுக்குக் கூடுதல் சிக்கல். கப்பல் மூழ்கிவிட்டால்? அதனால் ஒரே கடிதத்தைப் பல பிரதிகள் எடுத்து வேறு வேறு கப்பல்களில் அனுப்பினார்கள். கொச்சியிலிருந்து லிஸ்பனுக்குப் போகும் கப்பல்கள் காற்றுக்குக் கட்டுப்பட்டவை. ஜனவரி வாக்கில் கிளம்பினால்தான் உண்டு. அந்தக் காலத்து இந்தியக் கடிதங்களின் தேதியைப் பார்த்தால் அக்டோபர் முதல் ஜனவரி வரை நெருக்கமாக இருப்பது இதனால்தான். பயணம் ஆறு மாதம் போல ஆகும். கேள்வி கேட்டுப் பதில் வாங்க ஒன்றரை, இரண்டு ஆண்டு ஓடிவிடும்.

கடிதங்கள் தவிர ஆள் கணக்கும் உண்டு. குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு மாகாணமும் தன் உறுப்பினர்களின் பட்டியலை ரோமுக்கு அனுப்ப வேண்டும். ஒரு பட்டியலில் பெயர், வயது, எந்த ஊர், உடல்நிலை, என்ன படித்தார், என்ன வேலை பார்த்தார். இரண்டாவது பட்டியல் ரகசியம். அதில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அந்த எண்ணுக்கு எதிரே புத்தி எப்படி, நிதானம் எப்படி, சுபாவம் எப்படி என்று மதிப்பீடு. இன்றைய அலுவலகங்களில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அப்ரைசலுக்குத் தாத்தா என்று இதைச் சொல்லலாம்.

ரத்தம் பார்த்த காலம்

ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்பது அவருடைய போர்த்துகீசியப் பெயர். தமிழ் நாக்கில் அது அண்ட்ரிக் ஆனது. 1520-ல் போர்ச்சுகலின் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தார்.

அவர் பிறப்பதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பு, 1497-ல், போர்ச்சுகல் மன்னர் மனுவேல் தன் நாட்டு யூதர்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவர்கள் ஆக்கினார். அப்படி மாறிய குடும்பங்களுக்குப் புதுக் கிறிஸ்தவர்கள் என்று பெயர் வந்தது. ஞானஸ்நானம் வாங்கி, பூசைக்குப் போய், பிள்ளைகளுக்குப் புனிதர்களின் பெயர் வைத்தாலும் அந்த 'புது' ஒட்டியே இருந்தது. பேரன் காலத்திலும் புதுசுதான். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பல சபைகள், பல்கலைக்கழகங்கள், கோயில் பதவிகள் ரத்தத் தூய்மை பார்த்தன. மூன்று தலைமுறைக்கு முன்னால் தாத்தா யார் என்று விசாரித்து ஆள் எடுத்தார்கள். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அண்ட்ரிக் முதலில் சேர்ந்தது பிரான்சிஸ்கன் சபையில். யூத வம்சாவளி தெரியவந்ததும் அங்கே இருக்க முடியவில்லை. கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் படித்தார். 1545-ல் அதே ஊரில் இயேசு சபையில் சேர்ந்தார். அங்கும் ஒரு தடை. ஏற்கெனவே வேறொரு சபையின் அங்கியை உடுத்தியவரைச் சேர்க்கக் கூடாது என்பது இயேசு சபையின் விதி. அவருக்காக விதிவிலக்கு வாங்க வேண்டியிருந்தது. முதல் சபையில் ரத்தம் குறுக்கே வந்தது. இரண்டாவது சபையில், முதல் சபையில் இருந்ததே குறுக்கே வந்தது.

ஆனால் இஞ்ஞாசியார் ரத்தம் பார்க்கிற ஆள் இல்லை. அவருக்கு அடுத்துத் தலைவரான லைனஸ் என்பவரே யூத வம்சாவளியில் வந்தவர்தான். அந்த ஆரம்ப காலத்தில் மட்டும் இயேசு சபையின் கதவு புதுக் கிறிஸ்தவர்களுக்குத் திறந்திருந்தது. அந்த வழியாக நுழைந்தவர் அண்ட்ரிக். 1546-ல் லிஸ்பனில் கப்பலேறினார். அதே ஆண்டு கோவா வந்து சேர்ந்தார்.

'வேணும்' செய்த குழப்பம்

கோவாவிலிருந்து அவரை அனுப்பிய இடம் முத்துக்குளித்துறை. கன்னியாகுமரி தொடங்கி ராமேஸ்வரம் பக்கம் வரை நீளும் கரை. மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பார், வேம்பார் என்று கடலை ஒட்டியே ஊர்கள்.

இங்கே பரதவர்கள் 1530-களில் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிப்பில் யார் கை ஓங்குவது என்ற போட்டியில் போர்த்துகீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதற்கான விலைகளில் ஒன்று மதமாற்றம். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது மக்களுக்குத் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் அதிகமாகத் தெரியாது.

சவேரியாரிடம் உழைப்பு இருந்தது. தமிழ் இல்லை. இரு மொழியும் ஓரளவு தெரிந்த உள்ளூர்க்காரர்களை வைத்துக்கொண்டு செபங்களை மொழிபெயர்த்தார். அதை அப்படியே மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். நம்பிக்கை அறிக்கையில் நம்புகிறேன் என்று வர வேண்டிய இடத்தில் எனக்கு வேணும் என்று வந்துவிட்டது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் வேணும் என்று கரை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 1544-ல் சவேரியாருக்கே இது தெரியவந்து, அந்தச் சொல்லை மாற்றி விசுவாசம் என்ற பொருளில் சொல்லும்படி தன் உதவியாளர் மான்சிலாஸுக்குக் கடிதம் போட்டார். அந்தக் கடிதமும் ஆவணத்தில் இருக்கிறது. கேட்டால் சிரிப்பு வரும். யோசித்துப் பார்த்தால் வேணும் ஒன்றும் மோசமான பிரார்த்தனை இல்லை.

சொற்களே தொல்லை கொடுத்த இடம் அது. பூசைக்குப் போர்த்துகீசியத்தில் மிசா. அதைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் தமிழ்க் காதில் மீசை என்று விழும்.

1547-ல் அண்ட்ரிக் வந்து சேர்ந்தபோது நிலைமை இதுதான். துபாஷ் இல்லாமல் எந்தப் பாதிரியாரும் வாய் திறக்க முடியாது. பிரசங்கத்துக்குத் துபாஷ் இருந்தால் பரவாயில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு? ஒருவர் தன் ரகசியப் பாவத்தைப் பாதிரியாரின் காதில் மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில், நடுவில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறார். எவர் வாய் திறப்பார்?

அண்ட்ரிக் தமிழ் படிக்க உட்கார்ந்ததற்கு இலக்கியக் காதல் காரணம் இல்லை. இந்தத் தொழில் சிக்கல்தான் காரணம். இதைப் பூசிமெழுகத் தேவையில்லை. அவர் வந்தது மதம் பரப்ப. தமிழ் அதற்கான கருவி. ஆனால் கருவியை அவரளவு கூர்தீட்டிய ஐரோப்பியர் அதற்கு முன் யாரும் இல்லை.

1548 அக்டோபர் 31 தேதியிட்டு வேம்பாரிலிருந்து அவர் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. லத்தீன் இலக்கணம் படித்தவர் என்பதால் அந்தச் சட்டகத்தை எடுத்துத் தமிழின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார். வினை எப்படி மாறுகிறது, இறந்தகாலம் எது, எதிர்காலம் எது, வேற்றுமை எங்கே ஒட்டுகிறது என்று பிரித்துப் பிரித்துக் குறித்துக்கொண்டார். வந்து இரண்டு ஆண்டு ஆவதற்குள் பேச, எழுத வந்துவிட்டது. அவருடைய கடிதங்களில் ஒரு யோகியோடு நடந்த பேச்சுவார்த்தைகளும் வருகின்றன. துபாஷ் வைத்துக்கொண்டு அப்படிப்பட்ட விவாதம் நடத்த முடியாது.

1549 ஜனவரியில் கொச்சியிலிருந்து சவேரியாரும் இஞ்ஞாசியாருக்கு எழுதுகிறார். அண்ட்ரிக்கைப் புகழ்கிறார். மொழி தெரிந்ததால் அந்த ஒருவரே இரண்டு ஆள் வேலை பார்க்கிறார் என்பது சவேரியாரின் கணக்கு. கடைசிவரை தமிழ் சரியாக வசப்படாத ஒருவரிடமிருந்து வந்த பாராட்டு என்பதால் அதற்கு எடை கூடுதல்.

29 வயதில் தலைவர்

அதே 1549-ல் மண்டபம் பக்கத்தில் உள்ள வேதாளையில் வடுகர் படை தாக்கியது. முத்துக்குளித்துறைப் பணியின் தலைவராக இருந்த இத்தாலியப் பாதிரியார் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். இயேசு சபையில் இப்படிக் கொல்லப்பட்ட முதல் ஆள் அவர்தான். அவர் இடத்துக்கு அண்ட்ரிக் வந்தார். அப்போது வயது 29. அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேல் அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது.

அமைதியான கரை இல்லை அது. ஒரு பக்கம் வரி கேட்டு வரும் நாயக்கர் காலப் படைகள். இன்னொரு பக்கம் போர்த்துகீசியருடன் கடலில் மோதிய முஸ்லிம் வணிகர்களின் படகுகள். பாதுகாக்க வேண்டிய போர்த்துகீசியக் கேப்டன்கள் சிலர் பரதவர்களைச் சுரண்டுவதிலேயே குறியாக இருந்தார்கள். சவேரியாரே அவர்களைப் பற்றிப் புகார் எழுதியிருக்கிறார். 1553-ல் புன்னைக்காயல் தாக்கப்பட்டது. 1560-ல் போர்த்துகீசிய வைஸ்ராய் மன்னாரைப் பிடித்து, கரையிலிருந்த பரதவர்களில் ஒரு பகுதியினரை அங்கே கொண்டுபோனார். குடும்பம் குடும்பமாகக் கடல் தாண்டிப் போக வேண்டி வந்தது.

இதற்கு நடுவே புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனை, ஒவ்வொரு ஊரிலும் உபதேசியார்கள் என்று அண்ட்ரிக் ஏற்பாடுகள் செய்தார். எழுத்து வேலையையும் விடவில்லை. இலக்கணக் குறிப்பு வளர்ந்து ஒரு நூலானது. போர்த்துகீசிய மொழிக்கு ஜுவான் டி பாரோஸ் எழுதி 1540-ல் வெளியான இலக்கணத்தை முன்மாதிரியாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை எழுதினார். புதிதாக வரும் பாதிரியார்கள் பாரோஸைத் திறந்து வைத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இன்று அந்த இலக்கணத்தின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. தொல்காப்பியமும் நன்னூலும் செய்யுள் மொழிக்கு எழுதப்பட்டவை. அண்ட்ரிக்குக்குச் செய்யுள் தேவையில்லை. கரையில் நிற்கிறவர் பேசுவது புரிய வேண்டும். அதனால் 16-ம் நூற்றாண்டில் கடற்கரை மக்களின் வாயில் வந்த தமிழை அவர் காதால் கேட்டுக் குறித்தார். புலவர்கள் யாரும் செய்ய நினைக்காத வேலை இது. கொச்சை என்று தள்ளியிருப்பார்கள்.

தமிழ் எழுத்து ஈயத்தில் இறங்கியது

இந்தியாவுக்கு முதல் அச்சு இயந்திரம் 1556-ல் வந்தது. அதுவும் இந்தியாவுக்கென்று வந்ததல்ல, எத்தியோப்பியாவுக்குப் போக வேண்டியது. வழியில் கோவாவில் இறக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டது. அதில் ரோமன் எழுத்துதான் இருந்தது.

தமிழ் மொழி அதற்கும் முன்பே ஒருமுறை அச்சேறியிருந்தது, ஆனால் தமிழ் எழுத்தில் இல்லை. 1554-ல் லிஸ்பனில் ஒரு செபப் புத்தகம் வந்தது. போர்த்துகீசியத்தோடு தமிழும் உண்டு. தமிழ் முழுக்க ரோமன் எழுத்தில். இப்போது 'தங்கிலிஷ்' என்கிறார்களே, அதற்கு 470 வயது. அதைத் தயாரித்தவர்கள் லிஸ்பனில் இருந்த மூன்று தமிழர்கள்: விசென்டே டி நசரே, ஜோர்ஜ் கர்வாலியோ, தொமா டா குரூஸ். பெயரைப் பார்த்து யாரும் தமிழர் என்று சொல்ல மாட்டார்கள்.

தமிழ் எழுத்தை உலோகத்தில் வார்க்கும் வேலை 1577-ல் கோவாவில் தொடங்கியது. செய்தவர் ஜுவான் கொன்சால்வஸ் என்ற இயேசு சபைச் சகோதரர். 1578-ல் கொல்லத்தில் ஜுவான் டி ஃபாரியா இன்னும் நல்ல அச்சு எழுத்துகளை வார்த்தார். அந்த எழுத்தில், 1578 அக்டோபர் 20 அன்று, 16 பக்கத்தில் வந்ததுதான் தம்பிரான் வணக்கம். அண்ட்ரிக்கோடு மனுவேல் டி சான் பெட்ரோ என்பவரும் மொழிபெயர்ப்பில் சேர்ந்து உழைத்தார். அச்சுச் செலவுக்குப் பரதவர்கள் பணம் கொடுத்தார்கள். முத்து எடுத்த காசில் தமிழின் முதல் புத்தகம்.

பக்கங்களைப் பார்த்தால் முதலில் திணறும். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரத்தில் குறிலா நெடிலா என்று தெரியாது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் ஒழுங்கில்லை. இது அச்சுப் பிழை இல்லை. ஓலையில் அப்படித்தான் எழுதினார்கள். புள்ளி அழுத்தினால் ஓலை கிழியும். காகிதத்துக்கு மாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை.

தலைப்பில் இருக்கும் தம்பிரான் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர். சைவ மடங்களில் இன்றும் துறவிகளைத் தம்பிரான் என்கிறார்கள். மக்களுக்குப் பழகிய அந்தச் சொல்லையே கடவுளுக்கு எடுத்துக்கொண்டார் அண்ட்ரிக். இன்னொரு பக்கம் குருசு, பாதிரி மாதிரியான போர்த்துகீசியச் சொற்கள் அப்படியே தமிழுக்குள் வந்து உட்கார்ந்தன. எதை மொழிபெயர்ப்பது, எதை அப்படியே விடுவது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் முடிவெடுத்தாக வேண்டும். பின்னாளில் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, சருவேசுரன் என்று வேறு பாதை பிடித்தார்.

அடுத்த ஆண்டே, 1579-ல், கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் 120 பக்கத்தில் வந்தது. 1580-ல் பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. இளம் வயதில் எந்தச் சிக்கலுக்காகத் தமிழ் படிக்கத் தொடங்கினாரோ அதற்கான விடை அறுபதாவது வயதில் புத்தகமாக வந்தது. 1586-ல் புனிதர்களின் கதைகளைச் சொல்லும் ஃப்ளோஸ் சாங்க்டோரும். தமிழில் அடியார் வரலாறு என்கிறார்கள். 600 பக்கங்களைத் தாண்டிய பெரிய உரைநடை நூல். செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில் இது எவ்வளவு விநோதமான பொருளாகத் தெரிந்திருக்கும்!

1593-ல் வந்த விதி

இப்போது ரோமுக்குத் திரும்ப வேண்டும். அங்கே காற்று மாறிக்கொண்டிருந்தது.

1556-ல் இஞ்ஞாசியார் இறந்தார். 1565-ல் லைனஸ் இறந்தார். சபைக்குள் யூத வம்சாவளிக்காரர்களுக்கு எதிரான குரல் வலுத்தது. 1573-ல் புதிய தலைவர் தேர்தலின்போது அப்படிப்பட்டவர் யாரும் தலைவராகிவிடக் கூடாது என்று போர்ச்சுகலிலிருந்து அழுத்தம் வந்தது. இந்தியாவிலும் இதே கதைதான். 1557-ல் கொச்சியில் புதுக் கிறிஸ்தவர்கள் ரகசியமாக யூத வழக்கங்களைக் கடைப்பிடிப்பதாகக் குற்றம்சாட்டிக் கைது செய்யப்பட்டார்கள். 1560-ல் கோவாவில் சமய விசாரணை மன்றமே வந்துவிட்டது. அண்ட்ரிக் இருந்த கரையிலிருந்து கொச்சி ஒன்றும் தூரம் இல்லை.

கடைசியில் 1593-ல் இயேசு சபையின் ஐந்தாவது பொதுப் பேரவை தீர்மானம் போட்டது. யூத, முஸ்லிம் வம்சாவளியில் வந்த எவரையும் இனி சபையில் சேர்ப்பதில்லை. தலைவர் நினைத்தாலும் விலக்கு அளிக்க முடியாது. 1608-ல் கொஞ்சம் தளர்த்தி, ஐந்து தலைமுறை வரை மட்டும் விசாரித்தால் போதும் என்றார்கள்.

1593-ல் அண்ட்ரிக்குக்கு 73 வயது. 46 ஆண்டுகளாக அதே கரையில் இருக்கிறார். நாலு புத்தகம் அச்சாகிவிட்டது. அவர் சபைக்குள்ளேயேதான் இருந்தார், யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. ஆனால் அவர் நுழைந்த கதவு மூடிவிட்டது. 1545-ல் அந்த விதி இருந்திருந்தால் தம்பிரான் வணக்கத்தைச் செய்யும் ஆள் முத்துக்குளித்துறைக்கு வந்திருக்கவே மாட்டார்.

கதவு இன்னொருவருக்கும் மூடியிருந்தது. கொல்லத்தில் பிராமணக் குடும்பத்தில் பிறந்த பெரோ லூயிஸ், 1561-ல் இயேசு சபையில் சேர்ந்து 1575-ல் குருவானவர். முத்துக்குளித்துறையில் வேலை பார்த்தார். தன் நாட்டுக்காரர்களையும் சபையில் சேர்த்துக்கொள்ளும்படி ரோமுக்கு எழுதினார். கடிதம் போய்ச் சேர்ந்தது. ஆள் எடுக்கவில்லை. 1596-ல் அவர் இறக்கும்வரை அந்த நூற்றாண்டில் இயேசு சபைக் குருவான ஒரே இந்தியர் அவர்தான். ரத்தம் பார்க்கிற பழக்கம் யூதர்களோடு நிற்கவில்லை.

இப்போது எதெது எங்கே?

1600 பிப்ரவரியில் புன்னைக்காயலில் அண்ட்ரிக் இறந்தார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

அவருடைய காகிதங்கள் உலகமெங்கும் சிதறின. 1759-ல் போர்ச்சுகல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையை விரட்டியது. 1773-ல் போப்பே சபையைக் கலைத்தார். 1814-ல்தான் திரும்ப உயிர் வந்தது. இந்தக் கலவரத்தில் எவ்வளவோ ஆவணம் கை மாறியது. தப்பித்த இந்தியக் கடிதங்களை யோசெஃப் விக்கி என்ற சுவிஸ் பாதிரியார் 1948 தொடங்கி நாற்பது ஆண்டு உட்கார்ந்து, 18 தடித்த தொகுதிகளாகப் பதிப்பித்தார். வேம்பார் கடிதம் அதில் முதல் தொகுதியிலேயே இருக்கிறது.

தம்பிரான் வணக்கம் அமெரிக்காவில், ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. இலக்கணத்தின் கையெழுத்துப் பிரதி லிஸ்பனில், போர்ச்சுகல் தேசிய நூலகத்தில். அதை ஜீன் ஹெய்னும் தமிழறிஞர் வி.எஸ். ராஜமும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013-ல் ஹார்வர்ட் வெளியீடாகக் கொண்டுவந்தார்கள்.

இத்தனை காகிதத்திலும் ஒரு குறை கண்ணில் படும். இலக்கணத்தில் ஆயிரக்கணக்கான தமிழ்ச் சொற்கள். அவற்றை அண்ட்ரிக்கின் காதில் போட்டவர்கள் பரதவ ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் உபதேசியார்களும். சபைப் பட்டியலில் பாதிரியார்களின் வயதும் சுபாவமும்கூட இருக்கிறது. மீன் வலைக்கும் முத்துச் சிப்பிக்கும் தமிழில் என்ன பெயர் என்று சொல்லிக்கொடுத்தவரின் பெயருக்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை.

ரத்தம் பார்க்கும் விதியை இயேசு சபை 1946-ல் நீக்கியது. அதற்கு எட்டு ஆண்டு கழித்து, 1954-ல், தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் வத்திக்கான் நூலகத்தில் அடியார் வரலாற்றின் பிரதியைக் கண்டெடுத்தார். 1967-ல் அதைப் பதிப்பித்தவர் ச. இராசமாணிக்கம் என்ற தமிழ் இயேசு சபைப் பாதிரியார். வெளியான ஊர் தூத்துக்குடி.